ஆங்கிலச் சொல்லும் உருது நிகரும்: ஓர் அகராதி வரலாறு

இரு மொழிகளை எதிரெதிரே நிறுத்தும் அகராதியைப் புரட்டுவோர், இடப்பக்கத்துச் சொல்லுக்கு வலப்பக்கத்துச் சொல் இயல்பாகவே நிகராய் அமைந்து கிடந்தது போலவும், அகராதி செய்தார் அதனைக் கண்டெடுத்து எழுதியது போலவும் கருதுவது உண்டு. மரம், நீர், கை, கால் போன்ற சொற்கள் அளவில் இக்கருத்துப் பெரும்பாலும் பொருந்தும். சட்டம், அரசு, அறிவியல், சமயம் ஆகியவற்றைப் பற்றிய சொற்களுக்கு அது பொருந்துவதில்லை. அங்கே நிகர் என்பது யாரோ ஒருவரால், ஏதோ ஒரு தேவை நோக்கி, ஒரு காலத்தில் நிறுவப்பட்டதாகும். நிறுவியவர் மறைந்த பின்னரும் அவர் நோக்கம் அச்சொல்லினுள் தங்கிவிடுகின்றது. ஆங்கிலச் சொற்களுக்கு உருது மொழியில் நிகர்கள் அமைந்த வரலாற்றினைக் கொண்டு இதனை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கம். எல்லா அகராதிகளையும் ஈண்டு எண்ணப் புகவில்லை. சில சொற்களை மட்டும் எடுத்து, அவை வந்த வழியைச் சற்று நின்று நோக்குவோம்.

தமிழ் ஆராய்ச்சி இதழில் உருது அகராதிக்கு என்ன இடம் என வினவுவார்க்கு ஒன்று கூறுவோம். வசூல், ஜப்தி, ஜாமீன், நகல், அசல், ரத்து, தாக்கல், ஆஜர், பாக்கி என நம் அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் நெடுங்காலம் வழங்கிய சொற்கள் இவ்வரலாற்றோடு தொடர்புடையன. மேலும், கலைச்சொல்லாக்கத்தில் நமக்கு நேர்ந்த இடர்ப்பாடுகள் அனைத்தும் உருது அறிஞர்க்கும் நேர்ந்தன. அவர்தம் பட்டறிவு நமக்குப் பயன்படும்.

எழுத்துப்பெயர்ப்புப் பற்றி ஒரு சொல். உருதுவில் தமிழர் செவிக்கு 'ஜ' எனத் தோன்றும் உரசொலிக்கு மட்டும் நான்கு எழுத்துகள் உள்ளன. தமிழர் அவை அனைத்தையும் ஜகரமாகவே கொண்டனர். ஜமீன், ஜில்லா, ஜப்தி ஆகியன அவ்வாறு வந்தவை. ஈண்டும் அம்மரபினையே பின்பற்றுகிறோம்.

இந்துத்தானி எனப்பட்ட மொழிக்கு ஐரோப்பியர் செய்த முதல் நூல்களுள் ஒன்று சென்னையோடு தொடர்புடையது என்பது நம்மவருட் பலர் நினையாத செய்தி. தரங்கம்பாடியிலும் சென்னையிலும் சமயப் பணியாற்றிய பெஞ்சமின் சூல்சு என்பார் இலத்தீன் மொழியில் எழுதிய இந்துத்தானி இலக்கணம் 1745இல் செருமனியின் ஆலே நகரில் அச்சேறியது. அவர் செவியிற் பட்டது தில்லி மொழியன்று. சென்னையிலும் ஐதராபாத்திலும் வழங்கிய தக்கணி வழக்கே ஆகும். பின்னர் 1773இல் இலண்டனில் சான் பெர்குசன் என்பாரின் இந்துத்தானி அகராதி வெளிவந்தது. இவையெல்லாம் தொடக்க முயற்சிகள். ஆங்கிலத்தை முன்வைத்து உருதுவை முறையாகத் துருவியவர் சான் கில்கிறிசுட்டு ஆவார்.

கில்கிறிசுட்டு எடின்பரோவிற் பிறந்தவர்; மருத்துவர்; 1782இல் இந்தியா வந்தவர். படையினரோடு பழகுதற்கு இந்துத்தானி இன்றியமையாதது எனக் கண்டு, மருத்துவப் பணியை விட்டு, பைசாபாத்து, இலக்குமணபுரி, காசிப்பூர் முதலிய ஊர்களில் தங்கி மொழியாராய்ந்தார். 1787 முதல் 1790 வரை அவரது ஆங்கில-இந்துத்தானி அகராதி கல்கத்தாவிற் பகுதி பகுதியாக வெளிவந்தது. சென்னை வேப்பேரியில் பப்ரிசியுசு முதலியோரின் ஆங்கில-தமிழ் அகராதி வெளியானது 1786இல். இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தன. ஆயினும் நோக்கம் வேறு. வேப்பேரியார் வேதநூலைத் தமிழர்க்குச் சொல்ல வேண்டியவர். கில்கிறிசுட்டு படையினர்க்கும் அலுவலர்க்கும் ஆணையிடும் மொழியை அமைத்துத் தர வேண்டியவர்.

அவர் கையாண்ட முறை நம் கருத்தை ஈர்க்கின்றது. உள்ளூர்க் கற்றோரிடம் அகராதி உண்டா என வினவினார். அவர் எதிர்பார்த்த வகை அகராதி கிடைக்கவில்லை. பின்னர்ச் சான்சனின் ஆங்கில அகராதியை வழிகாட்டியாகக் கொண்டு, ஆங்கிலச் சொல்லின் பொருளை அக்கற்றோர்க்கு விளக்கி, அதற்கு ஒத்த சொல்லைக் கேட்டெழுதினார். இம்முறையில் வினா முழுவதும் ஆங்கிலத்தினது. விடை மட்டுமே இந்துத்தானியினது. அம்மொழி பேசுவார்க்கு ஒருகாலும் தேவைப்படாத கருத்துக்கும் ஒரு சொல் தந்தே ஆகவேண்டும் என்னும் நிலை எழுந்தது. அவ்விடத்து முன்ஷி தம் கல்விக்கேற்பப் பாரசீகத்திலிருந்தோ அரபியிலிருந்தோ ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்திருப்பார் என ஊகித்தல் தவறாகாது. 1800இல் நிறுவப்பட்ட வில்லியம் கோட்டைக் கல்லூரியில் கில்கிறிசுட்டு இந்துத்தானிப் பேராசிரியர் ஆனபோது இம்முறை நிலைபெற்றது. அதே கல்லூரியில் மீர் அம்மன் எளிய உருது உரைநடையில் 'பாகு ஓ பஹார்' எழுதியதும், இலல்லூலால் பாரசீகச் சொற்களை விலக்கிப் 'பிரேம்சாகர்' எழுதியதும் நினைவிற் கொள்ளத்தக்கன. ஒரு மொழி இரு மொழிகளாகப் பிரியும் பாதை அங்கே புலப்படுகின்றது.

1837இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி நீதிமன்றங்களிலும் வருவாய்த்துறையிலும் பாரசீகத்துக்கு இருந்த இடம் நாட்டுமொழிகளுக்கு வந்தது. வடமேற்கு மாகாணங்களிலும் பீகாரிலும் அவ்விடத்தை உருது பெற்றது. மொழி மாறிற்று எனினும் சொற்கள் மாறவில்லை. முத்தயீ (வாதி), முத்தஆ அலைஹி (பிரதிவாதி), ஷஹாதத் (சான்று), வக்கீல், முன்சீப் எனப் பாரசீக நீதிமன்றத்துப் பெயர்ச்சொற்கள் அனைத்தும் அவ்வாறே உருதுவாயின. வினைமுடிபு மட்டுமே நாட்டுமொழியினது. வசூல் கர்னா, தாகில் கர்னா, ரத் கர்னா, ஹாஜிர் ஹோனா என்பன அவ்வமைப்பின. இவற்றோடு நம் வசூல் செய்தல், தாக்கல் செய்தல், ரத்துச் செய்தல், ஆஜராதல் என்னும் தொடர்களை ஒப்பிட்டு நோக்குக. 'கர்னா' என்பதற்குச் 'செய்', 'ஹோனா' என்பதற்கு 'ஆகு' எனத் துணைவினையும் அதே வடிவில் அமைந்துள்ளது. ஆர்க்காட்டு நவாபுகள், மராத்தியர் ஆகியோர் ஆட்சியின் வழியே தமிழ்நாடு பெற்றது சொற்களை மட்டுமன்று. அச்சொற்கள் வினையோடு இயையும் முறையையும் பெற்றது எனலாம். எனினும் செய், ஆகு என்னும் துணைவினைகள் பிறமொழிப் பெயரை ஏற்பது தமிழுக்குப் பழைய இயல்பே ஆதலின், இதனை முற்றும் கடனென்று கூறுதல் இயலாது.

இந்நிலையில் 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டது. அதனை உருதுவில் பெயர்க்கும் பணியில் ஈடுபட்டோருள் நசீர் அகமது ஒருவர். இவர் பழைய தில்லிக் கல்லூரியின் மாணவர். பிற்காலத்தில் உருதுப் புதின இலக்கியத்துக்கு வித்திட்டவர். டிப்டி கலெக்டர் பதவி பெற்றதனால் 'டிப்டி நசீர் அகமது' என்றே இலக்கிய வரலாறுகள் இவரைக் குறிக்கின்றன. சட்டத்துக்குச் சொல் தந்தவரின் பெயருக்கு ஆங்கிலம் ஓர் அடைமொழி தந்துவிட்டது!

அச்சட்ட நூல் உருதுவில் 'தஅஜீராத்-இ-ஹிந்த்' எனப் பெயர் பெற்றது. இப்பெயரில் நாம் சிறிது நின்றாக வேண்டும். இசுலாமியச் சட்டநூலார் தண்டனைகளை மூவகையாகப் பகுப்பர். இறைவனால் அளவு வரையறுக்கப்பட்டது ஹத்து. கொலை, காயம் ஆகியவற்றுக்குப் பாதிக்கப்பட்டோர் அல்லது அவர்தம் உறவினர் உரிமையாகக் கோரும் ஈட்டுத்தண்டனை கிசாஸ். இவ்விரண்டிலும் அடங்காத குற்றங்களுக்கு நீதிபதியோ அரசோ தம் முடிவின்படி விதிப்பது தஅஜீர். ஆங்கிலப் பெயரில் உள்ள 'பீனல்' என்பது தண்டனை தொடர்பானது என்னும் பொதுப்பொருள் மட்டுமே உடையது. பெயர்த்தோர் அதற்குப் பொதுச்சொல் ஒன்றைக் கொள்ளாமல், மூன்றனுள் அரசின் அதிகாரத்துக்கு உட்பட்ட பகுதியின் பெயரைக் கொண்டனர். அதனால் புதிய சட்டம் இறைவனது எல்லைக்குள் நுழைந்ததாகத் தோன்றவில்லை; முன்னைய அரசர் செய்து வந்ததையே இவ்வரசும் செய்தது எனும் தோற்றம் உண்டாயிற்று. இது பெயர்த்தோர் உளத்தில் தெளிவாக இருந்த கருத்தா அன்றா எனக் கூறுதற்கில்லை. சொல்லின் விளைவு அதுவே என நாம் கருதுகிறோம்.

இவ்வூகத்துக்குப் பிற்கால வரலாறு துணைசெய்கின்றது. 1947க்குப் பின்னர்ப் பாகித்தானில் அச்சட்டம் 'தஅஜீராத்-இ-பாகித்தான்' எனப் பெயர் மாறித் தொடர்ந்தது. 1979இல் அங்கே ஹுதூத் ஆணைகள் பிறப்பிக்கப்பட்டபோது, ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள் மங்கிக் கிடந்த பழைய பகுப்பு மீண்டும் கூர்மை பெற்றது. ஹத்தின்படி தண்டிப்பதா, தஅஜீரின்படி தண்டிப்பதா என்பது வழக்குகளில் உயிர்போகும் வினாவாயிற்று. 1990இல் கிசாஸ், தியத் விதிகள் அத்தண்டனைச் சட்டத்தினுள்ளேயே சேர்க்கப்பட்டன. தஅஜீராத் எனப் பெயர் கொண்ட நூல், அப்பெயர் எதனை விலக்கி நின்றதோ அதனையும் உட்கொண்டது. இந்தியாவில் 2024 சூலை முதல் நாளன்று புதிய சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்ததனால் பழைய சட்டம் நீங்கிற்று. இந்தித் திரைப்படங்களின் நீதிமன்றக் காட்சிகளைக் கண்டோர் 'தஅஜீராத்-இ-ஹிந்த்' என்னும் முழக்கத்தை மறந்திருக்கமாட்டார்.

அதே நூலில் வரும் இன்னொரு தொடரும் குறிப்பிடத்தக்கது. அவதூற்றுக் குற்றத்துக்கு 'இஜாலா-இ-ஹைசியத்-இ-உர்ஃபீ' என்பர். வழக்கில் அறியப்பட்ட நிலையை அகற்றுதல் என்பது அதன் பொருள். தமிழில் அவதூறு என்பது பழிச்சொல்லைக் குறிக்கும். மானநட்டம் என்பது இழப்பைக் குறிக்கும். உருதுத் தொடரோ ஊரார் ஒருவனை எவ்வாறு அறிந்துள்ளனரோ அந்நிலையையே பொருளாகக் கொண்டு, அதனை அகற்றுதலைக் குற்றமாக்குகின்றது. நீண்டதாயினும் நுட்பமான ஆக்கம். இத்தகைய தொடர்களைப் பாமரர் புரிந்துகொண்டனரா என்பது வேறு வினா.

பாமரர் தமக்கு வேண்டியவாறு வேறு வழியிற் சென்றனர். ஆங்கிலச் சொல்லையே தம் நாவிற்கு இசைய மாற்றிக் கொண்டனர். செனரல் 'ஜர்னைல்' ஆனான்; ஆர்டர்லி 'அர்தலீ' ஆனான்; லார்டு 'லாட்' ஆனார்; லான்டர்ன் 'லால்டேன்' ஆயிற்று. ஆங்கிலேயர்க்கு முன்வந்த போர்ச்சுகீசியர் விட்டுச் சென்றவையும் உள. ஏலத்துக்கு உருதுவில் 'நீலாம்' என்பர். நம் 'ஏலம்' என்பதும், அந்த 'நீலாம்' என்பதும் 'லெய்லாவ்' என்னும் ஒரே போர்ச்சுகீசியச் சொல்லின் இரு வடிவங்கள். சாவியும் சாபீயும் அலமாரியும் அவ்வாறே. இவற்றைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளமையின் இவ்வளவில் நிறுத்துகிறோம்.

கற்றோர் வழக்கினின்று பேச்சுவழக்கின் பக்கம் அகராதியைத் திருப்ப முயன்றவர் பேலன் ஆவார். பீகாரில் பள்ளிக் கண்காணிப்பாளராக இருந்தவர். சூல்சின் இலக்கணம் அச்சான அதே ஆலே நகரின் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். 1858இல் சட்டம், வணிகம் ஆகிய துறைச்சொற்களுக்கு ஓர் ஆங்கில-இந்துத்தானி அகராதி செய்தார். அத்துறைகளின் சொற்கள் எவ்வளவு பாரசீகமயமாகி இருந்தன என்பதை அப்பணியிற் கண்டதனாலோ என்னவோ, 1879இல் வெளிவந்த அவரது பெரிய இந்துத்தானி-ஆங்கில அகராதி முற்றிலும் வேறு வழியிற் சென்றது. மௌல்விகளும் பண்டிதர்களும் தத்தம் நூல்மொழிச் சொற்களை அகராதிகளில் திணித்து, மக்கள் நாவிலுள்ள சொற்களைப் புறக்கணித்தனர் என்பது அவர் குறை. பெண்டிர் பேச்சு, உழவர் சொல், பழமொழி, நாட்டுப்பாடல் ஆகியவற்றைத் தேடித் தொகுத்தார். நூற்கல்வியின் தாக்கம் குறைந்த அந்தப்புரப் பெண்களின் மொழியே கலப்பற்றது என மதித்தார். பிறர் நாகரிகமற்றவை என ஒதுக்கியனவற்றையும் அவர் ஒதுக்கவில்லை. தில்லியினரான சையது அகமது பல ஆண்டுகள் அவருக்குத் துணைசெய்தார். பிற்காலத்தில் 'ஃபர்ஹங்-இ-ஆசஃபிய்யா' என்னும் உருதுப் பேரகராதியைத் தாமே இயற்றினார்.

பேலன் 1880இல் மறைந்தார். முடியாதிருந்த அவரது ஆங்கில-இந்துத்தானி அகராதி பிறர் முயற்சியால் 1883இல் வெளிவந்தது. மறு ஆண்டிலேயே பிளாட்சின் உருது, செவ்வியல் இந்தி, ஆங்கில அகராதி வந்தது. சொற்பிறப்பினைக் காட்டுவதில் பிளாட்சின் நூல் மேம்பட்டது. இன்றும் ஆராய்வோர் முதலில் நாடுவது அதனையே. ஆயினும் ஒரு சொல் யார் வாயில், எச்சூழலில் வழங்கிற்று என அறியவேண்டின் பேலனிடமே செல்லவேண்டும். பேலன் காட்டிய வழியைப் பின்வந்த கலைச்சொல்லாக்கத்தார் பெரிதும் பின்பற்றவில்லை என்பது உருதுவுக்கு நேர்ந்த இழப்பு என்பதே நம் துணிபு.

பெயர்க்காமல் விடப்பட்ட ஒரு சொல்லும் பெரும்பூசல் விளைக்கும் என்பதற்கு 'நேச்சர்' என்பது சான்று. சர் சையது அகமது கான் 1864இல் காசிப்பூரில் அறிவியற் கழகம் நிறுவி, அதனை அலிகாருக்கு மாற்றி, 1866 முதல் ஆங்கிலமும் உருதுவுமாக ஓர் இதழ் நடத்தினார். இயற்கை விதிக்கு மாறாக இறைவாக்கு இருத்தல் இயலாது என்பது அவர் கொள்கை. இயற்கை என்பதற்கு உருதுவில் சொல் இல்லாமல் இல்லை. 'குத்ரத்' என்பது இறைவனது ஆற்றலைக் குறிக்கும். 'ஃபித்ரத்' என்பது படைப்பிலேயே அமைந்த இயல்பைக் குறிக்கும். 'தபீஅத்' என்பது உடல் உளத் தன்மையைக் குறிக்கும். மூன்றும் ஏற்கெனவே சமயநூலிலும் மருத்துவநூலிலும் பொருள் நிரம்பியவை. ஐரோப்பிய அறிவியல் கூறும் மாறா விதியுடைய இயற்கையைச் சுட்ட வேண்டியபோது, அவர் ஆங்கிலச் சொல்லையே உருது எழுத்தில் எழுதினார். எதிர்ப்போர்க்கு அதுவே கருவியாயிற்று. அவரையும் அவரைச் சார்ந்தோரையும் 'நேச்சரி' என இகழ்ந்தனர். ஐதராபாத்தில் தங்கியிருந்த சமாலுத்தீன் ஆப்கானி, நேச்சரிகளை மறுத்துப் பாரசீகத்தில் எழுதிய நூல் 1881இல் அங்கே அச்சாயிற்று. உருதுச் சொல் ஒன்றை அவர் எடுத்திருப்பின் வாதம் அச்சொல்லின் பழம்பொருளுக்குள் நடந்திருக்கும். அயற்சொல்லாகவே நின்றமையால் அது ஒரு கூட்டத்தின் பெயராக, பின்னர் வசைச்சொல்லாக மாறியது.

இனி ஐதராபாத்துக்கு வருவோம். நிசாம் மீர் உசுமான் அலிகான் 1917இல் பிறப்பித்த ஆணையின்படி, உயர்கல்வி அனைத்தையும் உருதுவிற் கற்பிக்கும் உசுமானியாப் பல்கலைக்கழகம் 1918இல் தோன்றியது. அதற்கு நூல்கள் ஆக்குதற்கு 'தாருல் தர்ஜுமா' என்னும் மொழிபெயர்ப்பு நிலையம் 1917இலேயே அமைந்தது. அதன் முதல் தலைவர் மௌல்வி அப்துல் ஹக்கு. சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலியோர் தமிழில் அறிவியற் சொற்களை ஆக்குதற்குக் கழகம் கண்டது 1916இல். சேலத்தார்க்கு அரசும் இல்லை, பொருளும் இல்லை. ஐதராபாத்தார்க்கு இரண்டும் இருந்தன. மருத்துவமும் பொறியியலும் கூட அங்கே உருதுவிற் கற்பிக்கப்பட்டன.

சொல்லாக்கத்தில் அங்கே இரு சாரார் இருந்தனர். அரபியிலிருந்தே சொற்களைக் கொள்ள வேண்டும் என்றனர் ஒரு சாரார். வஹீதுத்தீன் சலீம் அதனை மறுத்து, 1921இல் வெளிவந்த 'வஜ்-இ-இஸ்திலாஹாத்' என்னும் நூலில், உருது ஆரியக் குடும்பத்து மொழியாதலின் முன்னொட்டும் பின்னொட்டும் சேர்த்துச் சொல் புனைதலே அதற்கு இயல்பு என வாதிட்டார். 'ஷர்ம்' என்னும் பாரசீகப் பெயரிலிருந்து 'ஷர்மானா' (நாணுதல்) என உருது வினை பிறந்தது போலப் புதிய வினைகளையும் துணிந்து ஆக்கலாம் என்பது அவர் கருத்து. மின்னேற்றுதல் என்பதற்கு 'பர்க்' என்னும் பெயரிலிருந்து 'பர்கானா' எனக் கொள்வது அவ்வகையினது. மொழிநூல் நோக்கில் சலீம் கூறியதே பொருத்தமுடையது. வென்றதென்னவோ பெரும்பாலும் மற்றச் சாராரே.

அவ்வெற்றியின் அடையாளம் 'இயாத்' என்னும் ஈறு. மஆஷியாத் (பொருளியல்), நஃப்சியாத் (உளவியல்), ஹயாத்தியாத் (உயிரியல்), நபாத்தியாத் (தாவரவியல்), லிசானியாத் (மொழியியல்), இம்ரானியாத் (சமூகவியல்) எனத் துறைதோறும் அது பரவிற்று. நம் 'இயல்' என்னும் ஈறு செய்யும் பணியையே அது செய்கின்றது. ஒலி ஒப்புமை தற்செயலானது. இங்கே ஓர் உண்மையைச் சுட்டுதல் வேண்டும். இச்சொற்கள் அரபி வேரிலிருந்து பிறந்தனவேயன்றி, இவற்றுட் பல அரபு நாடுகளில் வழங்குவன அல்ல. அரபியர் உளவியலை 'இல்முன் நஃப்ஸ்' என்பர். பொருளியலை 'இக்திஸாத்' என்பர். வடமொழி நூல்களில் ஒருகாலும் வழங்காத வடசொற்களை இந்தியர் இக்காலத்துப் புனைந்தது போன்றதே இது.

மின்சாரத்துக்கான சொல்லைக் கொண்டு இதனை மேலும் தெளியலாம். ஆங்கிலச் சொல் கிரேக்க மொழியில் அம்பர் என்னும் பிசின்கல்லின் பெயரிலிருந்து வந்தது. அதனைத் தேய்த்தால் துரும்பை இழுக்கும். அம்பருக்குப் பாரசீகத்தில் துரும்பு கவர்வது என்னும் பொருளில் 'காஹ்ருபா' என்பர். இன்றைய அரபியர் அதனைத் தழுவியே மின்சாரத்தைக் 'கஹ்ரபா' என்கின்றனர். அரபியை முதலாகக் கொண்ட ஐதராபாத்தாரோ மின்னலைக் குறிக்கும் 'பர்க்' என்னும் அரபிச் சொல்லைக் கொண்டனர். அரபியரிடையே அவ்வேரிலிருந்து வந்த 'பர்கிய்யா' என்பது தந்தியைக் குறிக்கும். இந்தியர் நூல்மொழியில் மின்னலைக் குறிக்கும் 'வித்யுத்' என்பதைக் கொண்டனர். மக்கள் இவ்விரண்டையும் விட்டு 'பிஜ்லி' என்றனர். அதுவும் மின்னலே, வித்யுத் என்பதன் பிராகிருதத் திரிபின் வழி வந்தது. தமிழரும் மின்னலை நோக்கியே மின்சாரம் என்றனர். உருது பேசும் வீட்டிலும் இந்தி பேசும் வீட்டிலும் விளக்கு அணைந்தால் கூறுவது பிஜ்லி போயிற்று என்பதே. பாடநூலில் மட்டும் ஒரு குழந்தை பர்க் என்றும் மற்றொன்று வித்யுத் என்றும் படிக்கும். ஒரே பேச்சு மொழியினர் தம் பாடநூல்களை ஒருவரையொருவர் படிக்க இயலாதவாறு செய்ததில் இத்தகைய நிகர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. மொழிபெயர்ப்பு, குடியரசு, தேர்தல் எனப் பொதுவாழ்வின் சொற்கள் அனைத்தும் இவ்வாறே தர்ஜுமா, அனுவாத் என இரட்டையாய்ப் பிரிந்தன.

1937இல் அப்துல் ஹக்கு 'அஞ்சுமன் தரக்கீ-இ-உருது' சார்பில் பெரிய ஆங்கில-உருது அகராதியை வெளியிட்டார். உசுமானியாவின் இருபதாண்டு உழைப்பின் பயன் அதிற் பெரிதும் காணப்படும். 1948 செப்டம்பரில் ஐதராபாத்து இந்தியாவுடன் இணைக்கப்பட்டதன் பின்னர்ச் சில ஆண்டுகளில் உசுமானியாவில் உருது பயிற்றுமொழியாக இருந்த நிலை முடிவுற்றது. அப்துல் ஹக்கு கராச்சிக்குக் குடிபெயர்ந்து 1961இல் அங்கே மறைந்தார். வகுப்பறைக்காகப் புனைந்த சொற்கள் தாம் பிறந்த ஊரில் வகுப்பறையை இழந்து, பிறிதொரு நாட்டின் அகராதிகளில் இடம்பெற்றன.

இறுதியாக எடுத்துக்கொள்வது 'கௌம்' என்னும் சொல். ஆங்கிலத்தில் 'நேசன்' என்பதற்கு உருது தரும் நிகர் இது. அரபியில் மக்கள் கூட்டம் என்பதே இதன் அடிப்பொருள். வட இந்திய வழக்கில் ஒருவனை நோக்கி உன் கௌம் யாது என வினவினால், சாதியையோ குலத்தொழிலையோ வினவியதாகும். பிளாட்சின் அகராதி மக்கள், நாட்டினம், குலம், குடும்பம், சாதி ஆகிய பொருள்களை இதன்கீழ் ஒருசேரத் தருகின்றது. ஆங்கிலச் சொல் ஒன்று நிலத்தையும் அரசையும் சார்ந்த புதுப்பொருளோடு வந்தபோது, அதற்கு ஈடாக நின்றது இப்பலபொருட் சொல். சர் சையது அகமது கான் 1884இல் பஞ்சாபிற் செய்த சொற்பொழிவுகளில், கௌம் எனத் தாம் கூறுவது இந்துக்களையும் முசுலிம்களையும் சேர்த்தே என்றார். நான்காண்டுகளில் மீரட்டில் பேசியபோது அவ்விரு கூட்டத்தாரையும் இரண்டு கௌம்களாகச் சுட்டினார். அவர் முரண்பட்டார் என்பார் உளர். சொல்லே இரண்டுக்கும் இடந்தந்தது என்பதையும் உடன் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1938ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இச்சொல்லின் பொருள் வெளிப்படையான வாதமாயிற்று. தேவபந்து அறிஞர் உசைன் அகமது மதனி, இக்காலத்தில் கௌம்கள் 'வதன்' அதாவது பிறந்த நாட்டினால் அமைகின்றன எனத் தில்லியில் பேசினார். கவிஞர் இக்பால் அதனைக் கடுமையாக மறுத்தார். மதனி தம் விடையில், தாம் கூறியது கௌம் என்பதைப் பற்றியேயன்றி, சமயத்தால் ஒன்றிய கூட்டத்தைக் குறிக்கும் 'மில்லத்' என்பதைப் பற்றியன்று எனச் சொற்பொருளை எடுத்துக்காட்டினார். அரபி அகராதியின்படி மதனியின் பகுப்புச் செல்லும். இக்பாலோ அச்சொல்லை ஐரோப்பிய அரசியற் கருத்தின் நிகராக நின்ற நிலையில் வைத்து நோக்கினார். இருவரும் ஒரே சொல்லைக் கூறினர். ஒருவர் அரபிப் பொருளிலும் மற்றொருவர் ஆங்கிலப் பொருளிலும் நின்றனர். அவ்வாண்டு ஏப்பிரலில் இக்பால் மறைந்தார். நாட்டுப் பிரிவினைக்கு அடிப்படையாகக் கூறப்பட்ட இருதேசக் கொள்கை உருதுவில் 'தோ கௌமீ நஜரிய்யா' எனப்படும்.

பிரிவினைக்குப் பின்னர் இந்திய உருதுவில் கௌம் என்பது இந்திய மக்கள் அனைவரையும் தழுவியதாகவும், பாகித்தானிய உருதுவில் அந்நாட்டு மக்களைக் குறிப்பதாகவும் அரசு வழக்கில் நிலைபெற்றது. குடியரசுத் தலைவரையும் இந்திய உருது 'சத்ர்-இ-ஜும்ஹூரிய்யா' என்னும். பாகித்தானில் 'சத்ர்-இ-மம்லிகத்' என்பர். தமிழிலும் இந்தியாவில் குடியரசுத் தலைவர் என்றும் இலங்கையில் சனாதிபதி என்றும் வழங்குவதை நாம் அறிவோம். ஆங்கில-உருது அகராதியைப் பயன்படுத்தும் மாணவர், அது எந்நாட்டில், எவ்வாண்டில், எவர் சார்பில் வெளிவந்தது என்பதை முகப்பில் நோக்கிய பின்னரே உள்ளே செல்லுதல் வேண்டும்.

பாகித்தானில் 1979இல் நிறுவப்பட்ட 'முக்ததிரா கௌமீ ஜபான்', சமீல் சாலிபியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1992இல் ஆங்கில-உருது அகராதி வெளியிட்டது. தில்லியிலுள்ள உருது வளர்ச்சி அமைப்பின் பெயர் 'கௌமீ கவுன்சில் பராயே ஃபரோக்-இ-உருது ஜபான்' என்பது. அதன் சார்பிலும் கலீமுத்தீன் அகமது தொகுத்த பல தொகுதி அகராதி உண்டு. இரண்டு நிறுவனப் பெயர்களிலும் கௌமீ என்பது உளது. முன்னதில் அது மொழிக்கு அடை. உருதுவே நாட்டின் மொழி என்பது பொருள். பின்னதில் அது கவுன்சிலுக்கு அடை. நாடு நடத்தும் அமைப்பு என்பதே பொருள், உருது அந்நாட்டு மொழிகள் பலவற்றுள் ஒன்று.